கேள்வி – பதில்: விகடகவியைக் கணினி ஏன் மறுக்கிறது?

இந்த இதழுக்கு வந்த கணினிக் கேள்விகளில் பெரும்பாலானவை சேலம் நகரிலிருந்தும் சேர்வராயன் மலையூர்களிலிருந்தும் வந்தவை. ஒரே பொருளைப் பற்றிக் கேட்ட கடிதங்களைச் சேர்த்து ஒரே பதிலாக எழுதியிருக்கிறேன்.

கேள்வி: பைத்தான் என்ற நிரல்மொழியில், ஒரு சொல் முன்னும் பின்னும் ஒரே மாதிரி வருகிறதா என்று பார்க்கும் நிரலை எழுதினேன். சரத்தை, அதாவது எழுத்துத் தொடரை, தலைகீழாக்கி, மூலச் சரத்துடன் ஒப்பிடுவதே அதன் வேலை. ஆங்கிலச் சொற்களுக்குச் சரியான விடை வருகிறது. ‘விகடகவி’ என்று கொடுத்தால் மட்டும் ‘இல்லை’ என்கிறது. பிழை எங்கே இருக்கிறது?
– பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, அம்மாபேட்டை

பதில்: உங்கள் நிரலின் வரிகளில் பிழை எதுவும் இல்லை. நீங்கள் எழுத்து என்று நினைப்பதும் பைத்தான் எண்ணிக்கொண்டிருப்பதும் ஒன்றல்ல என்பதே சிக்கல். ‘சேலம்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று கேட்டால் முதல் வகுப்புப் பிள்ளையும் மூன்று என்று சொல்லிவிடும். அதே சொல்லின் நீளத்தைப் பைத்தானிடம் கேட்டால் ஐந்து என்று வரும்.

ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண் கொடுத்துக் கணினியில் வைக்கும் யூனிகோடு முறையில் தமிழுக்கு ஒதுக்கப்பட்ட இடங்கள் 2944 முதல் 3071 வரை, மொத்தம் 128. தமிழ் எழுத்துகளோ 247. எனவே ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் கொடுக்காமல், உயிரெழுத்துகளுக்கும், அகரம் ஏறிய மெய்களுக்கும், கால், கொம்பு, புள்ளி போன்ற குறிகளுக்கும் மட்டும் எண் கொடுத்திருக்கிறார்கள். ‘கா’ என்பது ‘க’வும் காலும், ‘ம்’ என்பது ‘ம’வும் புள்ளியும். இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக 1988இல் வகுக்கப்பட்ட இஸ்கி என்னும் குறியாக்கத்தின் அமைப்பையே யூனிகோடு பின்பற்றியதால், தமிழுக்கும் இந்த ஏற்பாடே வாய்த்தது.

இனி உங்கள் சொல்லை எடுத்துக்கொள்வோம். விகடகவி என்பது கணினிக்குள் 2997, 3007, 2965, 2975, 2965, 2997, 3007 என்ற ஏழு எண்கள். இவற்றுள் 2997 என்பது வ; 3007 என்பது இகரக் கொக்கி; 2965 என்பது க; 2975 என்பது ட. இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் முதலில் வருவது 3007, அதாவது ஏறி உட்கார மெய் எதுவும் இல்லாத வெறும் கொக்கி. திரையில் அது புள்ளிகளாலான ஒரு வட்டத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு நிற்கும். அதன் பின் வ, க, ட வரும்; மூலச் சொல்லின் முதல் ‘வி’யிலிருந்து பிரிந்த கொக்கி முன்னால் உள்ள ககரத்தின் மேல் ஏறிக்கொள்வதால் ‘கி’ வரும்; இறுதியில் தனி ‘வ’ வரும். மூலச் சரத்தின் முதல் எண் 2997, தலைகீழ்ச் சரத்தின் முதல் எண் 3007. அந்த இடத்திலேயே ஒப்பீடு தோற்றுவிடுகிறது. நிரலில் ஒரு மடக்கு (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் பகுதி) சேர்த்து, சரத்திலுள்ள ஒவ்வொரு குறியையும் அதன் எண்ணோடு அச்சிடச் செய்து பாருங்கள்; நான் எழுதியதைவிட அது தெளிவாகக் காட்டிவிடும்.

தீர்வு கடினமானதன்று. சரத்தை இடமிருந்து வலமாக ஒரு முறை கடந்து செல்லுங்கள். எதிர்ப்படும் எண் 3006 முதல் 3021 வரையிலான குறிகளுள் ஒன்றாகவோ, ஔகாரத்துக்கு வரும் 3031 ஆகவோ இருந்தால், அதை முந்தைய எழுத்தோடு ஒட்டிவிடுங்கள். இல்லையென்றால் புதிய எழுத்து தொடங்குகிறது என்று கொண்டு பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்போது கையில் இருப்பது வி, க, ட, க, வி என்ற ஐந்து உறுப்புகள் கொண்ட பட்டியல். அதைத் தலைகீழாக்கி ஒப்பிட்டால் ‘ஆம்’ என்ற விடை வரும். ‘தேரு வருதே’, ‘மோரு போருமோ’ என்று நாம் சிறுவயதில் விளையாடிய சொற்றொடர்களையும் இடைவெளியை நீக்கிவிட்டுக் கொடுத்துச் சோதியுங்கள். மாலைமாற்று என்று நம் இலக்கணத்தார் வகுத்த சொல்லணியும் எழுத்தையே அலகாகக் கொண்டது. கால், கொம்பு என்று பிரித்து எண்ணியதில்லை.

இந்த நிரலைச் செய்து முடித்த பிறகு இரண்டு இடங்களில் தடுமாற்றம் வரும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ‘கொ’ என்பதை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு இரண்டும் வேறு. இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவர இயல்பாக்கம் என்று ஒரு படி உண்டு. பைத்தானின் யூனிகோடு நூலகத்தில் (ஆயத்த நிரல்களின் தொகுப்பில்) அதற்கான செயற்கூறு, அதாவது நிரல்துண்டு, தயாராக இருக்கிறது. மற்றொன்று ‘க்ஷ’. மேலே சொன்ன விதிப்படி அது க், ஷ என்று இரண்டாகப் பிரியும். அதை ஓரெழுத்தாகக் கொள்வதா, இரண்டாகக் கொள்வதா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். முடிவு செய்தபின் அதை நிரலில் எழுத வேண்டும். இந்த முடிவைக் கணினியிடம் எதிர்பார்ப்பதில் பயனில்லை.

எல்லா மொழிகளும் பைத்தானைப் போல எண்ணுவதில்லை. ஸ்விஃப்ட் மொழியில் ‘சேலம்’ என்ற சரத்தின் நீளத்தைக் கேட்டால் மூன்று என்றே வரும், ஏனெனில் அது கண்ணுக்குத் தெரியும் எழுத்துத் தொகுதியை அலகாகக் கொள்கிறது. பைத்தானிலும் ‘ஓப்பன் தமிழ்’ என்ற கட்டற்ற நூலகத்தில் சொல்லை எழுத்துகளாகப் பிரிக்கும் செயற்கூறு இருக்கிறது. ஆயினும் முதல் முறை நீங்களே எழுதுங்கள்; நூலகத்தைப் பிறகு பயன்படுத்திக்கொள்ளலாம்.

கேள்வி: எங்கள் வாசக சாலையின் நூற்பட்டியலை என் மகன் கணினியில் ஏற்றி, வரிசைப்படுத்தும் கட்டளையைக் கொடுத்தான். ‘மனை’ முதலிலும் ‘மழை’ கடைசியிலும் வருகின்றன. அகராதி வரிசை அப்படியில்லையே?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், அஸ்தம்பட்டி

பதில்: ஐயா, தங்கள் கண்ணுக்குப் பட்டது முற்றிலும் சரி. அகராதிப்படி மலை, மழை, மறை, மனை என்று வர வேண்டும். கணினி தரும் வரிசையோ மனை, மறை, மலை, மழை. முந்தைய பதிலில் சொன்ன எண்களே இதற்குக் காரணம். யூனிகோடு அட்டவணையில் ன என்பது ந-வை அடுத்தும், ற என்பது ர-வை அடுத்தும், ள, ழ இரண்டும் ல-வை அடுத்தும் வைக்கப்பட்டிருக்கின்றன. ஜ என்பது ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவில் நிற்கிறது. வரிசைப்படுத்தும் கட்டளைக்குத் தமிழ் நெடுங்கணக்கு தெரியாது. எந்த எண் சிறியதோ அதை முன்னால் வைக்கும். புள்ளியின் எண் 3021 என்று பெரிதாக இருப்பதால், மெய்யெழுத்து உயிர்மெய்க்கு முன்னால் வர வேண்டிய இடத்திலும் பின்னால் போய்விடுகிறது.

தங்கள் மகன் செய்ய வேண்டியது, 247 எழுத்துகளுக்கும் நெடுங்கணக்கு வரிசையில் 1, 2, 3 என்று இட எண் கொடுத்து ஓர் அட்டவணை அமைத்து, ஒவ்வொரு நூற்பெயரையும் அந்த எண்களின் பட்டியலாக மாற்றி, அதைக்கொண்டு ஒப்பிடச் சொல்வதுதான். ஆய்த எழுத்தை எங்கே வைப்பது, கிரந்த எழுத்துகளை எங்கே வைப்பது என்பதைத் தங்களைப் போன்ற ஆசிரியர்தான் அவருக்குச் சொல்ல முடியும்.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று தேடல். வரிசைப்படுத்திய பட்டியலில் நடுவில் உள்ள பெயரைப் பார்த்து, தேவையற்ற பாதியை ஒதுக்கி, எஞ்சிய பாதியின் நடுவைப் பார்த்து, இப்படியே போவதை இருமத் தேடல் என்கிறோம். ஆயிரம் நூல்கள் இருந்தாலும் பத்து ஒப்பீடுகளுக்குள் விடை கிடைத்துவிடும், ஏனெனில் 2-ஐப் பத்து முறை பெருக்கினால் 1024. ஆனால் பட்டியல் அகராதி வரிசையிலும், தேடும்போது செய்யும் ஒப்பீடு யூனிகோடு எண் வரிசையிலும் இருந்தால், அலமாரியில் இருக்கும் நூலையே ‘இல்லை’ என்று நிரல் சொல்லிவிடும். வரிசைப்படுத்தவும் தேடவும் ஒரே ஒப்பீட்டுச் செயற்கூற்றைப் பயன்படுத்தச் சொல்லுங்கள்.

கேள்வி: லேப்டாப் இல்லாமல் செல்போனில் மட்டும் நிரல் எழுதக் கற்க முடியுமா?
– கல்லூரி மாணவர், நாகலூர், ஏற்காடு

பதில்: முடியும். பைத்தானை இயக்கும் செயலிகள் செல்போனுக்கு இருக்கின்றன. தொடக்கப் பயிற்சிகளுக்கு அவை போதும். சிறிய திரையில் நீண்ட நிரலைப் படிப்பது சிரமம் என்பதால், நோட்டுப் புத்தகத்தில் நிரலை எழுதி, ஒவ்வொரு வரி முடிந்ததும் எந்த மாறியில் (மதிப்பைத் தாங்கும் பெயரில்) என்ன மதிப்பு இருக்கிறது என்று கட்டம் போட்டு நிரப்பிப் பழகுங்கள். லேப்டாப் வைத்திருப்பவர்களும் செய்ய வேண்டிய பயிற்சிதான் இது.

கேள்வி: எங்களுடையது கொலுசுப் பட்டறை. உதிரிகளின் எடையைக் கூட்ட என் மகள் ஒரு சிறிய நிரல் எழுதினாள். 0.1 கிராம் உள்ள பத்து உதிரிகளைக் கூட்டினால் 1 கிராம் வர வேண்டும். 0.9999999999999999 என்று வருகிறது. தராசு சரி, கணினி தவறா?
– செவ்வாய்பேட்டை வாசகர்

பதில்: பத்தில் ஒன்று என்பது நமக்கு எளிய எண்; 0, 1 என்ற இரண்டு இலக்கங்களை மட்டும் கொண்டு எழுதும் கணினிக்கு அது முடிவில்லாத எண். மூன்றில் ஒன்றை நாம் 0.3333 என்று எழுதத் தொடங்கினால் எங்கோ ஓரிடத்தில் நிறுத்த வேண்டியிருப்பதைப் போலவே, 0.1 என்பது இரும முறையில் 0.000110011001100… என்று 0011 திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். 1985இல் வகுக்கப்பட்ட ஐஇஇஇ 754 என்னும் தரத்தின்படி, ஓர் எண்ணுக்கு 64 இரும இலக்கங்களே ஒதுக்கப்படுவது வழக்கம் என்பதால் அந்த வரிசையை ஓரிடத்தில் வெட்டி, அருகிலுள்ள எண்ணுக்குச் சரிக்கட்டி வைக்கிறார்கள். மடக்கு சுழலும் ஒவ்வொரு முறையும் கூட்டுத்தொகை மீண்டும் சரிக்கட்டப்படுகிறது. பத்தாவது முறையில் அந்தச் சிறு வேறுபாடு வெளியே தெரிகிறது.

பட்டறைக்குத் தேவையான தீர்வு எளிது. எடையைக் கிராமில் வைக்காமல் மில்லிகிராமில், முழு எண்ணாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். 0.1 கிராம் என்பது 100. பத்து உதிரிகள் 1000. முழு எண்களின் கூட்டலில் இந்தச் சிக்கலே எழாது. திரையில் காட்டும்போது மட்டும் 1000-ஆல் வகுத்துக் காட்டினால் போதும். பணக் கணக்கையும் இதேபோல் பைசாவில் வைப்பதே நல்ல பழக்கம்.

இவ்வளவு சிறிய வேறுபாட்டால் என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம். 1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில், வரும் ஏவுகணையை வழிமறிக்க வேண்டிய பேட்ரியட் அமைப்பு அதைத் தவறவிட்டதில் 28 அமெரிக்கப் படைவீரர்கள் இறந்தார்கள். அந்த அமைப்பின் கடிகாரம் நேரத்தைப் பத்தில் ஒரு வினாடி அளவில் எண்ணி, அதை 0.1-ஆல் பெருக்கி வினாடியாக மாற்றியது, அந்த 0.1 வெறும் 24 இரும இலக்கங்களுக்குள் வெட்டப்பட்டிருந்தது. ஏறத்தாழ நூறு மணி நேரம் நிறுத்தாமல் இயங்கியதில் பிழை 0.34 வினாடியாகச் சேர்ந்துவிட்டது. அந்த நேரத்துக்குள் ஏவுகணை அரை கிலோமீட்டருக்கும் மேல் நகர்ந்துவிடும். தங்கள் மகள் சந்தித்ததும் அதே 0.1-தான்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதித் தரும்போது, சரத்தைத் தலைகீழாக்கு, பட்டியலை வரிசைப்படுத்து என்ற பயிற்சிகள் இனி எதற்கு?
– பொறியியல் மாணவர், சூரமங்கலம்

பதில்: அதனிடம் ‘சரத்தைத் தலைகீழாக்கும் நிரல் தா’ என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அம்மாபேட்டை மாணவி எழுதிய அதே நிரலைத்தான் தரும். விகடகவியைக் கொடுத்துச் சோதிக்க வேண்டும் என்று தோன்றுவதற்கு, கேட்டவருக்குக் கொஞ்சம் விவரம் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

கேள்வி: நான் இளம்பிள்ளையில் ஜக்கார்டு தறி வைத்திருக்கிறேன். கணினியே ஜக்கார்டு தறியிலிருந்துதான் பிறந்தது என்று கல்லூரியில் சொன்னார்களாம்; பையன் வந்து சொல்கிறான். நம்பலாமா?
– நெசவாளர், இளம்பிள்ளை

பதில்: பாதி நம்பலாம். எந்தப் பாதி என்பதைத் தாங்களே தறியருகில் நின்று சரிபார்த்துக்கொள்ள முடியும் என்பதால், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பிரான்சு நாட்டின் ழோசப் மரி ஜக்கார் 1804இல் அமைத்த தறியில், துளையிட்ட அட்டைகள் சங்கிலியாகக் கோக்கப்பட்டிருந்தன. ஓர் அட்டை என்பது ஓர் ஊடைக்கு, அதாவது குறுக்கு நூலுக்கு, உரியது. அட்டையில் துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே நுழைந்துவிடுவதால், அதோடு இணைந்த கொக்கி தன் இடத்திலேயே நின்று நெடுக்கே ஓடும் பாவு நூலை மேலே தூக்குகிறது. துளை இல்லாத இடத்தில் ஊசி பின்னுக்குத் தள்ளப்பட்டு, கொக்கி விலகி, நூல் கீழேயே கிடக்கிறது. துளை உண்டு அல்லது இல்லை என்ற இரண்டே நிலைகளைக் கொண்டு மாங்காயும் மயிலும் சேலையில் விழுகின்றன. சங்கிலியின் கடைசி அட்டையை முதல் அட்டையோடு கோத்துவிட்டால் அதே பூ மீண்டும் மீண்டும் வரும். நிரலாக்கத்தில் மடக்கு என்று கற்பிப்பது இதையேதான். பையனிடம் சொல்லிப் பாருங்கள். வேறு பூ வேண்டுமென்றால் தறியை மாற்றுவதில்லை, அட்டைக் கட்டை மாற்றுகிறோம். கருவி ஒன்று, அதற்குக் கொடுக்கும் கட்டளைத் தொகுதி வேறு என்ற இந்தப் பிரிவுதான் கணினிக்கு வந்து சேர்ந்த பெரிய கொடை.

அதை எடுத்துக்கொண்டவர் இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ். தாம் வடிவமைத்த பகுப்புப் பொறி என்ற கணக்கிடும் இயந்திரத்துக்குக் கட்டளைகளையும் எண்களையும் துளையட்டைகளின் வழியாகவே கொடுப்பதென்று அவர் திட்டமிட்டார். ஜக்காரின் உருவத்தையே சுமார் 24,000 அட்டைகளைக் கொண்டு பட்டில் நெய்த படம் ஒன்றை அவர் தம்மிடம் வைத்திருந்தார். அந்தப் பொறியைப் பற்றி ஏடா லவ்லேஸ் 1843இல் எழுதிய குறிப்புகளில், ஜக்கார்டு தறி பூக்களையும் இலைகளையும் நெய்வதுபோல் இந்தப் பொறி இயற்கணித வடிவங்களை நெய்கிறது என்று எழுதினார். பொறி முழுதாகக் கட்டி முடிக்கப்படவே இல்லை. ஆயினும் துளையட்டை நிலைத்துவிட்டது: அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஹெர்மன் ஹாலரித் துளையட்டைகளைக் கொண்டு எண்ணி முடித்தார், அவருடைய நிறுவனம் வேறு சிலவற்றோடு இணைந்து, 1924இல் ஐபிஎம் என்று பெயர் மாற்றிக்கொண்டது.

இனி நம்பக் கூடாத பாதி. தறி எதையும் கணக்கிடுவதில்லை. பாவில் நூல் அறுந்து கிடந்தாலும் அடுத்த அட்டை வந்துகொண்டேதான் இருக்கும். அதைக் கண்டு தறியை நிறுத்துவது தாங்கள்தான். ‘நூல் அறுந்திருந்தால் நில், இல்லையென்றால் தொடர்’ என்று ஒரு நிபந்தனையைச் சோதித்து, விடைக்கேற்ப வேறு அட்டைக்குத் தாவும் திறன் ஜக்காரின் அமைப்பில் இல்லை. பாபேஜ் தம் வடிவமைப்பில் அட்டைகளைப் பின்னோக்கி நகர்த்தவும், கணக்கின் முடிவைப் பார்த்துப் பாதையை மாற்றவும் வழி செய்திருந்தார். நிபந்தனை என்ற அந்த ஒன்று சேர்ந்த பிறகே அதைக் கணினி என்று அழைக்கத் தகுதி வருகிறது. எனவே, கணினி தறியிலிருந்து அட்டையைக் கடன் வாங்கியது என்று சொல்லலாம். பிறந்தது என்பது மிகை.

கேள்வி: எங்கள் பள்ளியில் விஆர் (மெய்நிகர் உண்மை) பெட்டி வாங்கினோம். ஏற்காடு மலைப்பாதையில் பைக்கில் கேமரா பொருத்தி எடுத்த 360 டிகிரி வீடியோவைப் பிள்ளைகளுக்குக் காட்டினோம். இரண்டு வளைவுகள் முடிவதற்குள் பலருக்குத் தலைசுற்றியது. பேருந்தில் ஒருநாளும் வாந்தி எடுக்காத பிள்ளைகளும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்கள். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஏன் இப்படி ஆயிற்று?
– ஆசிரியை, ஏற்காடு

பதில்: நாற்காலியில் உட்கார்ந்திருந்ததுதான் காரணம். நம் உட்காதில் தலையின் சுழற்சியை அறிய மூன்று அரைவட்டக் குழல்களும், நேர்கோட்டு அசைவையும் சாய்வையும் அறிய வேறு இரண்டு உறுப்புகளும் உள்ளன. அவை சொல்வதும் கண் சொல்வதும் ஒத்திருக்கும் வரை உடலுக்குச் சிக்கல் இல்லை. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து ஏறும்போது, குனிந்து செல்போனைப் பார்த்துக்கொண்டு வருபவருக்குக் காது ‘சுழல்கிறோம்’ என்கிறது, கண் ‘அசையவே இல்லை’ என்கிறது, அவருக்குக் குமட்டுகிறது. உங்கள் பிள்ளைகளுக்கு நடந்தது இதன் மறுபுறம்: கண் ‘வளைவில் சாய்கிறோம்’ என்றது, காது ‘நாற்காலியில்தான் இருக்கிறோம்’ என்றது. பேருந்தில் வாந்தி எடுக்காத பிள்ளை விஆரில் தடுமாறுவதில் ஆகவே வியப்பில்லை.

விஆர் பெட்டிக்குள் நடப்பது என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். கணினி மாணவர்களுக்கு அதுவே சுவையான பகுதி. தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைச் சுழல்மானியும் முடுக்கமானியும் அளக்கின்றன. அந்த அளவைக் கொண்டு, இடக்கண்ணுக்கு ஒன்றும் வலக்கண்ணுக்கு ஒன்றுமாக இரண்டு படங்கள் வரையப்படுகின்றன. படங்கள் திரைக்குப் போகின்றன. மீண்டும் தலையை அளக்கும் வேலை தொடங்குகிறது. அள, கணக்கிடு, வரை, காட்டு என்ற இந்த மடக்கு, வினாடிக்கு 90 படம் காட்டும் கருவியில் ஒரு சுற்றுக்கு 11 மில்லிவினாடிக்குள் முடிந்தாக வேண்டும். முதல் வாரத்தில் ஒன்றிலிருந்து பத்து வரை அச்சிட எழுதும் மடக்குக்கும் இதற்கும் அமைப்பில் வேறுபாடு இல்லை. விடை சரியாக இருந்தால் மட்டும் போதாது, உரிய நேரத்துக்குள்ளும் வர வேண்டும் என்ற கெடு இதில் சேர்ந்திருக்கிறது. தலை திரும்பிய கணத்திலிருந்து படம் மாறும் கணம் வரை 20 மில்லிவினாடிக்கு மேல் போகக் கூடாது என்பது இத்துறையினர் வைத்துக்கொண்டிருக்கும் இலக்கு. படம் வரைந்து முடியத் தாமதமானால், முந்தைய படத்தையே தலையின் புதிய திசைக்கேற்பச் சற்று நகர்த்திக் காட்டிச் சமாளிக்கும் உத்தியும் உண்டு.

1968இல் ஐவன் சதர்லேண்ட் அமைத்த முதல் தலைக்கருவியும் இதே மடக்கில்தான் இயங்கியது. கூரையிலிருந்து இறங்கிய உலோகக் கை தலையின் அசைவை அளந்தது. கண்ணெதிரே கோடுகளாலான எளிய உருவங்கள் மிதந்தன. தலைக்கு மேல் அது தொங்கிய விதத்தைக் கண்டு ‘டாமக்ளீஸின் வாள்’ என்ற பட்டப்பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. 2014இல் கூகுள் வெளியிட்ட அட்டைப்பெட்டிக் கருவி, செல்போனும் இரண்டு வில்லைகளும் இருந்தால் போதும் என்ற அளவுக்கு அதை எளிதாக்கியது.

நீங்கள் வாங்கியது செல்போனைச் செருகும் வகைப் பெட்டி என்று கொள்கிறேன். அத்தகைய பெட்டி தலை திரும்புவதை மட்டுமே அறியும். பிள்ளை முன்னால் குனிந்தாலும் பக்கவாட்டில் நகர்ந்தாலும் காட்சி மாறாது. 360 டிகிரி வீடியோ என்பதும் கேமரா நின்ற ஒரே புள்ளியிலிருந்து எடுத்தது என்பதால், விலையுயர்ந்த கருவியில் போட்டுப் பார்த்தாலும் இந்தக் குறை நீங்காது. ஆகவே கேமராவை வண்டியில் ஏற்றாதீர்கள். பகோடா பாயிண்டிலோ லேடீஸ் சீட்டிலோ முக்காலியின் மேல், உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் கண் உயரத்துக்கு வைத்து, அசையாமல் எடுங்கள். பார்ப்பவர் சுழலும் நாற்காலியில் உட்காரட்டும். தாமே திரும்பிப் பார்க்கும்போது கண்ணும் காதும் ஒத்துப்போகும். ஓரிடத்துக் காட்சியிலிருந்து அடுத்த இடத்துக்கு மாறும்போது படத்தை இருட்டாக்கி மீண்டும் வெளிச்சமாக்குங்கள். இடையில் பறந்து செல்வதுபோல் காட்ட வேண்டாம். ஒரு முறைக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் நீட்டாதீர்கள். வில்லைகளுக்கு இடையிலான தூரம் வளர்ந்தவர்களின் கண்களுக்கேற்ப, ஏறத்தாழ 63 மில்லிமீட்டரை ஒட்டியே அமைக்கப்படுவதால், சிறு பிள்ளைகளுக்குப் படம் தெளியாமல் போகலாம். பெட்டியின் மேல் தயாரிப்பாளர் அச்சிட்ட வயது வரம்பைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். தலைசுற்றல் வந்த பிள்ளையைப் ‘பழகிவிடும்’ என்று சொல்லித் தொடர வைக்காதீர்கள்.

கேள்வி: ஏஆர் செயலியில் மேசைமேல் வைத்த பொம்மை, நான் செல்போனோடு சுற்றி வந்தாலும் அதே இடத்தில் நிற்கிறது. எங்கள் வீட்டு வெள்ளைச் சுவரில் வைத்தால் மட்டும் வழுக்கிக்கொண்டு போகிறது. ஏன்?
– கல்லூரி மாணவர், கன்னங்குறிச்சி

பதில்: விஆர் கண்ணை முழுதாக மூடி வேறோர் உலகத்தைக் காட்டுகிறது, ஏஆர் இருக்கும் உலகத்தின் மேல் ஒன்றை வைக்கிறது. இரண்டையும் ஒரே கோட்டின் இரு பகுதிகளாக வைத்துப் பால் மில்கிராமும் ஃபுமியோ கிஷினோவும் 1994இல் எழுதிய கட்டுரைதான் இன்றும் வகுப்புகளில் சொல்லித்தரப்படுகிறது. ஏஆருக்கு உள்ள கூடுதல் சுமை, செல்போன் இந்தக் கணத்தில் எங்கே, எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதை ஒவ்வொரு படத்துக்கும் கண்டறிவது. செயலி இதற்காகக் கேமராப் படத்தில் எளிதில் அடையாளம் காணத்தக்க புள்ளிகளைத் தேடுகிறது: மேசையின் மூலை, புத்தக அட்டையிலுள்ள எழுத்து, பாயின் பின்னல். அந்தப் புள்ளிகள் அடுத்தடுத்த படங்களில் எப்படி இடம் மாறுகின்றன என்பதையும், சுழல்மானி தரும் அளவையும் சேர்த்து, செல்போன் நகர்ந்த தூரத்தைக் கணக்கிடுகிறது. வெள்ளைச் சுவரில் பற்றிக்கொள்ள ஒரு புள்ளியும் இல்லை. சுவரில் ஒரு நாள்காட்டியை மாட்டிவிட்டு முயன்று பாருங்கள். வழுக்கல் பெரிதும் குறையும். பளபளக்கும் கிரானைட் தரையில் வேறொரு தொல்லை உண்டு: விளக்கின் பிரதிபலிப்பை நிலையான புள்ளி என்று செயலி நம்பிவிடும், நாம் நகர்ந்தால் அதுவும் நகரும்.

நீங்களே செய்து பார்க்க விரும்பினால், புள்ளி தேடும் முறையை விட்டுவிட்டு, அடையாளச் சதுரத்தில் தொடங்குவது நல்லது. 1999இல் ஹிரோகாசு காட்டோ உருவாக்கிய ஏஆர்டூல்கிட் இந்த வழியில்தான் இயங்கியது. வெள்ளைத் தாளில் தடித்த கறுப்பு விளிம்புள்ள சதுரம் ஒன்றை, பக்கம் 8 சென்டிமீட்டர் என்று அளந்து வரையுங்கள். நேர் எதிரே நின்று பார்த்தால் கேமராவுக்கு அது சதுரம். பக்கவாட்டில் நின்றால் ஒரு பக்கம் குறுகிய நாற்கரம். உண்மையான அளவு தெரியும், படத்தில் நான்கு மூலைகளும் விழுந்த இடங்களும் தெரியும் என்றால், கேமரா எவ்வளவு தூரத்தில், எந்தச் சாய்வில் இருக்கிறது என்பதைச் சமன்பாடுகளால் பெற்றுவிடலாம். பைத்தானில், படங்களை ஆராயும் ஓப்பன்சிவி நூலகம் அந்தச் சமன்பாடுகளைத் தீர்த்துத் தரும். சதுரத்தின் உள்ளே சமச்சீரற்ற ஒரு குறியையும் வரைந்துவிடுங்கள். ‘அ’ என்று எழுதினாலும் சரி. அப்படி ஒரு குறி இல்லையென்றால் எந்த மூலை மேல் மூலை என்று நிரலுக்குத் தெரியாது.

தாளைப் பிடிக்கும்போது விரல் மூலையை மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று மூலைகள் மட்டும் தெரிந்தால், சமன்பாடுகளின்படி கேமரா நிற்கக்கூடிய இடங்கள் நான்கு வரை கிடைக்கும். அவற்றுள் எது உண்மை என்று தேர்ந்தெடுக்க நான்காவது மூலைதான் உதவுகிறது. அது மறைந்த கணத்தில் உங்கள் பொம்மை மேசையை விட்டுத் தாவுமேயானால், நிரலைத் திருத்தத் தொடங்குவதற்கு முன் விரலைப் பாருங்கள்.